பெரிய ஹெட்போன் வாங்கும்போது காசை எதில் போடுவது?

ஜெரோன் பிரேபார்ட் என்ற ஒலியியல் ஆய்வாளர் 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். காதுக்குள் செருகுவது, காதின் மேல் உட்காருவது, காதையே முழுசாக மூடிக்கொள்வது என்று எல்லா வகையிலுமாக 283 ஹெட்போன்களை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த அதிர்வெண்ணை எவ்வளவு உரக்கத் தருகிறது என்று அளந்தார். பிறகு அந்த அளவுகளைக் கடை விலையோடு பொருத்திப் பார்த்தார். இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்பதுதான் முடிவு. கட்டுரையின் தலைப்பிலேயே அதைச் சொல்லிவிட்டார். விலை ஏற ஏற பாஸ் சீராகும், ட்ரெபிள் இதமாகும் என்று நாம் போட்டு வைத்திருக்கும் கணக்கு அங்கே எடுபடவில்லை. ஆயிரக்கணக்கில் செலவழிக்கப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஏனென்றால் நம் ஊரில் ஹெட்போன் பேச்சு எப்போதும் “உங்க பட்ஜெட் என்ன சார்?” என்ற இடத்தில்தான் ஆரம்பிக்கிறது, பெரும்பாலும் அங்கேயே முடிந்தும் போகிறது.

“காசுக்கேத்த தோசைன்னு சும்மாவா சொன்னாங்க?” என்று உடனே கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். விலை கூடும்போது ஏதோ கூடத்தான் செய்கிறது. தலைப்பட்டை பிளாஸ்டிக்கிலிருந்து உலோகத்துக்கு மாறுகிறது, குஷன் மெத்தென்று ஆகிறது, கேபிளைக் கழற்றி மாட்ட முடிகிறது, ப்ளூடூத் வருகிறது, வெளிச்சத்தம் அடங்குகிறது, பெட்டியும் கனக்கிறது. இதில் சிலது உங்களுக்கு அவசியம் வேண்டும். சிலது வேண்டவே வேண்டாம். எது எது என்பதை பட்ஜெட் சொல்லாது. எங்கே உட்கார்ந்து, எவ்வளவு நேரம், எதைக் கேட்கப் போகிறீர்கள் என்பதுதான் சொல்லும். என் கட்சி இதுதான்: வாங்கிய பிறகு சரிசெய்துகொள்ள முடிகிற விஷயத்துக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், பிறகு சரிசெய்யவே முடியாததற்குக் கொடுங்கள். ஒலியின் சாயல் பெருமளவு முதல் வகை. தலையை அழுத்துவது, காது வேர்ப்பது, தெருச்சத்தம் உள்ளே வருவது, நம் பாட்டு வெளியே கசிவது, குஷன் உரிந்து கொட்டுவது எல்லாம் இரண்டாம் வகை.

சாயலைச் சரிசெய்ய ஈக்வலைசர் இருக்கிறது. டேப் ரெக்கார்டர் காலத்தில் அஞ்சு குமிழ் வைத்து மேலும் கீழும் தள்ளினோமே, அதேதான். இப்போது அதை எண் வைத்துத் துல்லியமாகச் செய்யலாம். எதை நோக்கித் திருத்துவது என்பதற்கும் ஓரளவு விடை உண்டு. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி குழுவினர் பல ஆண்டுகள் ஆட்களை உட்காரவைத்து, எந்தச் சாயல் பிடிக்கிறது என்று பிராண்டு பெயர் தெரியாமல் கேட்கவைத்துச் சோதித்தார்கள். கனடா, அமெரிக்கா, ஜெர்மனி, சீனா என்று 4 நாட்டுக்காரர்களிடம் கேட்டதிலும் விருப்பம் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் வந்தது. அந்த விருப்பத்தின் வடிவத்தைத்தான் இன்று ஹார்மன் டார்கெட் என்கிறார்கள். ஆயிரக்கணக்கான மாடல்களின் அளவுகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அந்த வடிவத்துக்குக் கொண்டுவர எந்த இடத்தில் எத்தனை டெசிபெல் கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்று ஆட்டோஈக்யூ என்ற திட்டம் இலவசமாகவே தருகிறது. விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட் என்று அதைப் போட்டுக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஐபோன்காரர்களுக்கு வசதி கொஞ்சம் குறைவு. பாட்டுச் செயலிக்குள் இருக்கும் ஈக்வலைசரை வைத்து ஒப்பேற்ற வேண்டும்.

இதற்கு விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு. அதிர்வெண் அளவு மட்டும்தானா ஒலி? வாத்தியங்கள் தனித்தனியாகக் கேட்பது, பாடகர் முன்னால் நிற்பதுபோல் தோன்றுவது எல்லாம் எங்கே போகும்? பதில் ஓரளவுக்குத்தான் அவர்கள் பக்கம் இருக்கிறது. ஈக்வலைசரால் தீராத குறைகள் உண்டு. குஷன் காதோடு சரியாகப் பொருந்தாமல் பாஸ் ஓடிப்போகிறது என்றால், அதை எவ்வளவு கூட்டினாலும் ஓட்டைப் பானைதான். ஒலியை எழுப்பும் டிரைவர் மலிவானது என்றால், அதில் தாழ்ந்த சுருதிகளைப் பத்து டெசிபெல் ஏற்றினால் அது கரகரக்கும். திறந்த வகையில் கிடைக்கும் அந்த விசாலத்தை மூடிய வகைக்குள் எண்களை மாற்றிக் கொண்டுவர முடியாது. ஆனால் பாருங்கள், இவை எல்லாமே பொருத்தம், கட்டமைப்பு, வகை சார்ந்த குறைகள். அதாவது நான் சொல்லும் இரண்டாம் பட்டியலில்தான் வந்து விழுகின்றன. விலைச்சீட்டைப் பார்த்து இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது.

அந்தப் பட்டியலில் முதலாவது, முதுகு திறந்ததா மூடியதா என்பது. 1968-ல் ஜென்ஹைசர் நிறுவனம் எச்டி 414 என்ற மாடலைக் கொண்டுவரும் வரை ஹெட்போன் என்றாலே மூடிய கிண்ணம்தான். அவர்கள் கிண்ணத்தின் முதுகைத் திறந்துவிட்டார்கள். உள்ளே அடைபட்டு எதிரொலிக்க இடம் இல்லாமல் ஒலி இரண்டு பக்கமும் போனது. பாட்டு மண்டைக்குள் ஒலிப்பதுபோல் இல்லாமல் கொஞ்சம் வெளியே, காற்றோட்டமாகக் கேட்டது. இன்றைக்கும் திறந்த வகையை ஒருமுறை கேட்டவர்கள் மற்றதை இறுக்கம் என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். அதற்குக் கொடுக்க வேண்டிய விலை என்னவென்றால், உங்கள் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் உங்களுக்கும் கேட்கும். நடு ஹாலில் டிவி ஓட, ஒரே அறையில் மூன்று பேர் படுக்கிற வீட்டில் திறந்த வகைக்கு வேலை இல்லை. தனி அறையும், இரவு பதினொரு மணிக்கு மேல் கிடைக்கிற அமைதியும் உள்ளவருக்கு அதைவிட நல்ல வாங்கல் கிடையாது. வீட்டில் பாடிப் பதிவுசெய்கிறவர், டப்பிங் பேசுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு மூடிய வகையை எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஹெட்போனில் ஓடும் தாளம் மைக்குக்குள் ஏறிவிடும். பதிவு முடிந்து கலவை செய்ய உட்காரும்போது திறந்த வகை கைகொடுக்கும்.

அடுத்தது வெளிச்சத்தம். இதில்தான் விளம்பரம் அதிகம், புரிதல் குறைவு. நாய்ஸ் கேன்சலிங் என்பது வெளிச்சத்தத்தை மைக்கால் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே விட்டு அமுக்குவது. போஸ் நிறுவனத்தின் நிறுவனர் அமர் போஸ் 1978-ல் சூரிச்சிலிருந்து அமெரிக்காவுக்குப் பறக்கும்போது, விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இன்ஜின் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்காமல் போக, அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்தார். (இவர் வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன ஒரு விடுதலைப் போராட்டக்காரரின் மகன்.) 1989-ல் விமானிகளுக்கான கருவி வந்தது; நம்மைப் போன்றவர்கள் வாங்குகிற குவயட்கம்ஃபர்ட் 2000-ல்தான் வந்தது. விமானத்தில் பிறந்த கருவி என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அதன் பலமும் பலவீனமும் சட்டென்று விளங்கும். மாறாமல் ஒரே மாதிரி உறுமும் தாழ்ந்த சத்தத்தை அது விழுங்கிவிடும்: பஸ் இன்ஜின், ஏசி, ரயில் பெட்டியின் ஓட்டம். 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போக அதன் பிடி தளரும். திடீரென்று அலறும் ஹாரன், பக்கத்து மேஜையில் போனில் பேசுகிறவர், தெருமுனை ஒலிபெருக்கியின் கீச்சுக்குரல் இதையெல்லாம் குறைப்பது பெரும்பாலும் குஷனும் கிண்ணமும்தான். ஆகவே உங்கள் தொல்லை இன்ஜின் என்றால் காசு கொடுங்கள். உங்கள் தொல்லை மனிதக் குரல் என்றால், காதை நன்றாகக் கவ்வும் சாதாரண மூடிய ஹெட்போனே பாதி வேலையைப் பார்த்துவிடும்.

சத்தத்தை அடக்குவது சொகுசு என்று ஒதுக்கிவிடவும் கூடாது. வெளியே இரைச்சல் இருந்தால் நாம் வால்யூமைத்தான் ஏற்றுவோம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த தரம், பெரியவர்களுக்கு வாரத்தில் 80 டெசிபெல் அளவில் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபெல் அளவில் 40 மணி நேரம் என்று எல்லை வைக்கிறது. 3 டெசிபெல் ஏறினால் நேரம் பாதியாகும். 83-ல் 20 மணி, 86-ல் 10 மணி, 89-ல் 5 மணி. வாரம் முழுவதும் தினமும் ஒரு மணி நேரம் டவுன் பஸ்ஸில், இன்ஜினை மீறிக் கேட்கும்படி வால்யூமை ஏற்றிக் கேட்கிறவர் அந்த எல்லையைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுவார். போன காது திரும்பி வராது. திருத்த முடியாததற்குக் காசு கொடுங்கள் என்ற என் வாதத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

பொருத்தத்தைப் பற்றி விமர்சன வீடியோக்கள் இரண்டு வரியில் கடந்துபோய்விடும். நான் அங்கேதான் நின்று பேச விரும்புகிறேன். காது மடல் பெரும்பாலோருக்கு 6 சென்டிமீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கும். குஷனின் உள்வட்டம் அதைவிடக் கொஞ்சமாவது பெரிதாக, உள்ளே இருக்கும் துணியில் மடலின் நுனி இடிக்காத அளவு ஆழமாக இருக்க வேண்டும். இடித்தால் முதல் பத்து நிமிஷம் தெரியாது. ஒரு மணி நேரத்தில் அந்த ஒரு புள்ளி காந்த ஆரம்பித்துவிடும். கண்ணாடி போட்டவர்களுக்கு இன்னொரு சிக்கல். கண்ணாடிக் காம்பு குஷனுக்கும் தலைக்கும் நடுவில் ஒரு சந்து விட்டுவிடும், அதன் வழியாகத் தாழ்ந்த பாஸ் போய்விடும். குஷன் மிருதுவாக இருந்தால் காம்பைச் சுற்றிப் படிந்துகொள்ளும். விறைப்பாக இருந்தால் காம்பைப் பொட்டில் வைத்து அழுத்தும். தோடு, ஜிமிக்கி போட்டவர்கள் பாடு தனி. காதின் பின்னால் இருக்கும் திருகை குஷன் அழுத்தி அழுத்திக் கழுத்தோரத்தில் குத்தவைக்கும், ஜிமிக்கியோ குஷனுக்கு அடியில் மாட்டிக்கொண்டு சந்து விடும். உச்சிக்கொண்டை போட்டால் தலைப்பட்டை உட்கார இடமே இருக்காது. ஹெட்போனை வடிவமைப்பவர்களில் எத்தனை பேர் இதை நினைத்துப் பார்த்திருப்பார்களோ தெரியாது. விமர்சனம் எழுதுபவர்கள் நிச்சயம் பார்ப்பதில்லை.

எடையும் இதோடு சேர்ந்தது. சோனி எம்டிஆர்-7506 சுமார் 230 கிராம், அதே சோனியின் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 சுமார் 250, ஜென்ஹைசர் எச்டி 600 சுமார் 260. ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராமை ஒட்டி வருகிறது. 2020 டிசம்பரில் இந்தியாவில் அதற்கு வைத்த விலை 59,900 ரூபாய். விலை கூடியதில் எடையும் கூடிய கதை. உலோகக் கிண்ணம் கையில் எடுத்துப் பார்க்கும்போது ராஜகளையாகத்தான் இருக்கும். கழுத்து அதைப் பார்ப்பதில்லை, சுமக்கிறது.

வெப்பம் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உலகம் முழுக்கப் பாராட்டப்படும் மாடல்கள் பலவும் குளிர் ஊர்க்காரர்களால் பாராட்டப்பட்டவை. சென்னையிலோ தூத்துக்குடியிலோ யாழ்ப்பாணத்திலோ மே மாதம் காற்றே ஈரமாக இருக்கும்போது, ரெக்சின் மாதிரியான செயற்கைத்தோல் குஷன் காதைச் சுற்றி அரை மணி நேரத்தில் ஒரு வேர்வை வளையம் போடும். அந்தச் செயற்கைத்தோல் பெரும்பாலும் பாலியூரிதேன். ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்த வேதிப்பொருளே மெல்ல மெல்ல உடையும். வேர்வையும் தலை எண்ணெயும் படிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒரு நாள் காதிலும் கன்னத்திலும் கறுப்புச் செதில்கள் ஒட்டிக்கொண்டு வரும். பீரோவில் பத்திரமாக வைத்தாலும் உரியும். வெல்வெட் துணி மாதிரியான வெலூர் குஷன் இதற்கு எவ்வளவோ மேல். பெயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் 80 ஓம் மாடல் மூடிய வகையாக இருந்தும் வெலூர் குஷனோடு வருகிறது என்பது நம் ஊருக்கு அதன் முதல் தகுதி. துணி குஷன் சத்தத்தைக் கொஞ்சம் உள்ளே விடும், தூசியும் முடியும் பிடிக்கும், அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும். பரவாயில்லை. ஏசி அறையில் மட்டுமே கேட்பவருக்குச் செயற்கைத்தோல் ஒரு பிரச்சினையே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் மட்டுமே கேட்பவர் என்றால் பெரிய ஹெட்போனே வேண்டாம், காதுக்குள் செருகும் வகை போதும். சித்திரை வெயிலில் காதை மூடிக்கொண்டு நிற்பது ஒரு தண்டனை.

எந்தக் குஷனும் ஒரு நாள் போகும். மாற்றுக் குஷன் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. எம்டிஆர்-7506 1991-ல் வந்தது, எச்டி 600 1997-ல் வந்தது. இரண்டும் இன்றும் விற்பனையில் இருக்கின்றன, இரண்டுக்கும் குஷன் தனியாகக் கிடைக்கிறது. எச்டி 600-ல் கேபிள், தலைப்பட்டைப் பஞ்சு என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் கழற்றி மாற்றலாம். 7506-லும் டிடி 770 ப்ரோவிலும் கேபிள் நிரந்தரமாக இணைந்திருப்பது ஒரு குறை. அறுந்தால் சால்டரிங் தெரிந்தவரைத் தேட வேண்டும். ஆனாலும் அது செய்யக்கூடிய வேலை. ப்ளூடூத் ஹெட்போனில் லித்தியம் பேட்டரி சில வருஷங்களில் சோர்ந்துபோகும், பெரும்பாலான மாடல்களில் அதை மாற்றித்தர ஆள் கிடைப்பது கஷ்டம். “யார் சார் பத்து வருஷம் வெச்சிருக்கப் போறாங்க, மூணு வருஷத்துல புதுசு வாங்கிக்கலாம்” என்பது ஒரு வாதம். வாங்க முடிந்தவர் வாங்கிக்கொள்ளட்டும். 30,000 ரூபாயை மூன்று வருஷத்தால் வகுத்தால் வருஷத்துக்கு 10,000. 12,000 ரூபாய்ப் பொருளை எட்டு வருஷத்தால் வகுத்தால் 1,500, நடுவில் இரண்டு ஜோடி குஷன் வாங்கினாலும் கணக்கு பெரிதாக மாறாது.

அதற்காக ப்ளூடூத்தை நான் மட்டம்தட்டவில்லை. சமையலறைக்கும் மொட்டைமாடிக்கும் நடந்துகொண்டே கேட்பவருக்குக் கேபிள் ஒரு விலங்கு. ஒலித்தரம் போய்விடும் என்ற பழைய புகாரும் இன்று பெரிதாக நிற்காது. ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் எல்டிஏசி 990 கேபிபிஎஸ் வரை போகிறது, சாதாரண ஏஏசியிலும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் பெரும்பாலோர் திணறுவார்கள். சிக்கல் வேறு இரண்டு இடத்தில். ஒன்று, லேப்டாப்பில் மீட்டிங்குக்காக ஹெட்போனின் மைக் திறந்த உடனே ப்ளூடூத் வேறு முறைக்கு மாறி, பாட்டு எல்லாம் பழைய டெலிபோன் மாதிரி ஒலிக்கும். ஹெட்போன் கெட்டுவிட்டது என்று கடைக்கு எடுத்துப்போகிறார்கள். அது கெடவில்லை, அப்படித்தான் அது வேலை செய்யும். தனியாக ஒரு மைக் வைத்துக்கொண்டால் தீர்ந்தது. இன்னொன்று தாமதம். ஒலி வந்துசேர ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை பிந்தலாம். படம் பார்க்கும் செயலிகள் அதைச் சமாளித்துவிடும். கீபோர்டு வாசிக்கிறவருக்கும் எடிட்டிங் செய்கிறவருக்கும் விளையாடுகிறவருக்கும் அது ஒத்துவராது, அவர்களுக்குக் கேபிள்தான். (கேமிங் என்று பெயர் போட்டு விளக்கு எரிகிற ஹெட்செட்டுகளில் காசு எங்கே போகிறது என்று எரிகிற விளக்கே காட்டிக்கொடுக்கிறது.)

கேபிள் ஹெட்போன் வாங்குகிறவர்கள் தடுக்கி விழும் ஒரே இடம் ஓம், அதாவது மின்தடைக் கணக்கு. டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் என்று கிடைக்கிறது. பெரிய எண் உயர்ந்த சரக்கு என்று 250-ஐ எடுப்பவர்கள் உண்டு. போனில் செருகும் சின்ன டாங்கிள் 1 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 32 ஓமுக்கு அதிலிருந்து 31 மில்லிவாட் போகும், 80 ஓமுக்கு 12.5, 250 ஓமுக்கு வெறும் 4. ஒலியில் இது 80-க்கும் 250-க்கும் நடுவே 5 டெசிபெல் இடைவெளி. மெதுவாகப் பதிவான கச்சேரியை 250 ஓமில் போட்டால் வால்யூமைக் கடைசிவரை தள்ளியும் போதாமல் நிற்பீர்கள்; பிறகு ஒலியைப் பெருக்க ஆம்ப் என்ற தனிக் கருவி வாங்க வேண்டும். போனிலும் லேப்டாப்பிலும் கேட்பவர் 80-ஐத் தாண்ட வேண்டாம். பெட்டியில் போட்டிருக்கும் மற்ற எண்களை, 50 எம்எம் டிரைவர், 5 ஹெர்ட்ஸ் முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை, தங்கநிற ஹை-ரெஸ் முத்திரை, இதையெல்லாம் படிக்கவே வேண்டாம். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், வயது ஏற ஏற அதுவும் இறங்கும்.

எதைக் கேட்கிறீர்கள் என்பதற்கு வருவோம். ஐந்து கட்டை சுருதியில் பாடும் ஒரு பாடகியின் ஆதார ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸை ஒட்டியது. ஒரு கட்டையில் பாடும் பாடகருக்கு 131. அவர் மந்தர பஞ்சமம் வரை இறங்கினாலும் 98-ல் நிற்பார். கச்சேரி கேட்பவருக்கு 30 ஹெர்ட்ஸில் நெஞ்சை அதிரவைக்கும் பாஸ் எதற்கு? எச்டி 600 அந்த ஆழத்தில் மெலிந்துவிடும் என்று குறை சொல்வார்கள். குரலுக்காகவும் வயலினுக்காகவும் கேட்பவருக்கு அது ஒரு குறையே இல்லை. பேஸ் கிடாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். இன்றைய சினிமாப் பாட்டின் பாஸ் அந்த வட்டாரத்தில்தான் குடியிருக்கிறது. அதை விரும்புகிறவருக்கு நன்றாகக் கவ்வும் மூடிய வகை வேண்டும். ஐம்பது, அறுபதுகளின் பாட்டுகள் மோனோ. எந்த ஹெட்போனிலும் குரல் நடுமண்டையில்தான் நிற்கும், அதற்காக விசாலத்தைத் தேடிக் காசு கொட்டாதீர்கள். சோதித்துப் பார்க்க ஒரு தனி ஆவர்த்தனம் போதும். மிருதங்கத்தின் தொப்பியில் கும்கி விழும்போது அந்தத் தாழ்ந்த நாதம் வழுக்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும். பாஸ் ஊதிப்போன ஹெட்போனில் அந்த வழுக்கல் காணாமல்போய் ‘தொம்’ என்று ஒரு குத்து மட்டும் மிஞ்சும். பின்னால் ஓடும் தம்புராவையும் கவனியுங்கள். ஜீவாளி சரியாக வைத்த தம்புராவின் ரீங்காரம் சுருள் சுருளாக விரிய வேண்டும். அது ‘ஸ்ஸ்’ என்று மணல் தேய்ப்பதுபோல் கேட்டால் ட்ரெபிளில் எங்கோ முள் இருக்கிறது.

கடையிலேயே கேட்டு முடிவுசெய்தால் போயிற்று என்கிறவர்களிடம் எனக்குப் பாதி சம்மதம்தான். கடை இரைச்சலில் திறந்த வகை எப்போதும் தோற்கும். இரண்டு ஹெட்போனில் எது கொஞ்சம் உரக்கப் பாடுகிறதோ அதுதான் நல்லது என்று காது ஏமாறும். வித்தியாசம் ஒன்றிரண்டு டெசிபெல்லாக இருந்தாலும் ஏமாறும். ஐந்து நிமிஷத்தில் ஒலி தெரியலாம், அழுத்தம் தெரியாது. கடையில் செய்ய வேண்டியது பாட்டே போடாமல் மாட்டிக்கொண்டு, கண்ணாடியோடும் தோட்டோடும், இருபது நிமிஷம் நிற்பது. விற்பனையாளர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

இப்போது பட்ஜெட். விலைகள் தள்ளுபடிக்குத் தள்ளுபடி மாறும் என்பதால் ஏறத்தாழத்தான் சொல்ல முடியும். 5,000 ரூபாயை ஒட்டி என்றால் ப்ளூடூத், நாய்ஸ் கேன்சலிங் இரண்டையும் மறந்துவிட்டு, ஆடியோ டெக்னிகா எம்20எக்ஸ் மாதிரி கேபிள் வைத்த மூடிய ஹெட்போன். அந்த விலைக்கு எல்லா வசதியும் தருவதாகச் சொல்லும் பெட்டிகளில் ஒவ்வொன்றும் அரைகுறையாகவே இருக்கும். 8,000 முதல் 15,000 வரைதான் என் பார்வையில் மிக நல்ல இடம்: 7506, டிடி 770 ப்ரோ, அல்லது கேபிளைக் கழற்ற முடிகிற எம்40எக்ஸ். அமைதியான அறை இருந்தால் இந்த எல்லையை ஒட்டித் திறந்த வகையில் எச்டி 560எஸ். 25,000 முதல் 35,000 வரை கொடுக்க இரண்டே காரணம் இருக்கலாம். தினமும் இன்ஜின் இரைச்சலிலோ ஏசி உறுமலிலோ பல மணி நேரம் இருப்பவர் சோனி, போஸ் வகையறாவில் நாய்ஸ் கேன்சலிங் வாங்கலாம். வீட்டில் உட்கார்ந்து பத்து வருஷம் கேட்கப் போகிறவர் எச்டி 600 வாங்கலாம். இரண்டும் இல்லாதவர் மீதிக் காசில் ஒரு நல்ல கச்சேரிக்கு முன்வரிசை டிக்கெட் எடுக்கலாம். 50,000-க்கு மேல் போகிறவர்களுக்கு என் யோசனை தேவைப்படாது.

ஒரு வேண்டுகோள். எந்த மாடலைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், பணம் கட்டும் முன்னால் அதன் பெயரோடு ‘இயர் பேட்’ என்று சேர்த்து ஒரு தேடல் போட்டுப் பாருங்கள். மாற்றுக் குஷன் இந்தியாவிலேயே, ஹெட்போன் விலையில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால், எவ்வளவு தள்ளுபடி போட்டிருந்தாலும் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.